மழைத்தோட்டத்துக்குக் காவல் இருந்தேன்

மழை தூறினால் ஊரே வீட்டுக்குள் ஓடும். வடிகால் ஆராய்ச்சி செய்கிறவள் மட்டும் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள். முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் வீடு வாங்கியிருக்கும் சக பாவிகளே, ஐப்பசி பிறந்ததும் ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் பாப்பா தூங்கிய பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அந்தப் பாப்பாவை வயிற்றில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தவள் நான். அந்தப் பயம்தான் என் பிஎச்.டி. தலைப்பு. எங்கள் ஃபிளாட்ஸ் வாசலில் தெருவைவிடத் தாழ்வாக ஒரு பாத்தி வெட்டி, சுற்றி முழங்கால் உயரக் கரை கட்டி, தண்ணீர் நுழைய ஒரு வாய் விட்டு, ஜல்லி, மணல், மண் என்று அடுக்கி, மேலே கல்வாழையும் வெட்டிவேரும் நட்டேன். மழைத்தோட்டம் என்று பெயர். தெருத் தண்ணீர் அதில் விழுந்து பூமிக்குள் போய்விட வேண்டும். போகிறதா, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

மண்ணுக்குத் தாகம்

மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்று பார்க்க, ஓர் இரும்பு வளையத்தை அடித்து இறக்கி அதற்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்ததோ சித்திரை மாதம். தெருமுனையில் தண்ணீர் லாரி நிற்கிறது, குடங்கள் வரிசையில் நிற்கின்றன, நான் ஸ்டாப்வாட்சும் பக்கெட்டுமாக நிற்கிறேன். இடுப்பில் குடத்தோடு வந்த ஓர் அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு கொடத்துக்கு நாங்க அடிச்சிகினு கீறோம், நீ இன்னாம்மா பக்கெட் பக்கெட்டா பூமிக்கு ஊத்திகினு கீறே? அதுக்கு அவ்ளோ தாகமா?"

நனையாத ஆராய்ச்சி

முதல் நல்ல மழை வந்த அன்று பார்த்து என் கைடைச் சந்திக்கப் போயிருந்தேன். பாதிப் பேச்சில் ஜன்னல் இருட்டியது. சொல்லிக்கொள்ளாமல்கூட எழுந்து ஓடி, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்து, தொப்பலாக வந்து இறங்கினால், பாத்தி முழுக்க நீலத் தார்ப்பாய்! நான்கு மூலையிலும் செங்கல். மழையை அளக்க நான் வைத்திருந்த மழைமானியின் மேல் பக்கெட் கவிழ்த்திருந்தது. தண்ணீர் தார்ப்பாயின் மேல் வழுக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிங்குக்குள் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன், சொட்டச் சொட்ட நனைந்து, முகமெல்லாம் பெருமையாக நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு சொட்டு உள்ள வுடல மேடம், உங்க ஆராய்ச்சி நனையவே இல்ல!"

ஒரு மழை தவணை

பார்க்கிங் குளமானது அசோசியேஷன் கூட்டத்துக்கு வந்தது. செக்ரட்டரி ரயில்வேயில் ரிட்டயரானவர். இந்தப் பாத்தியால்தான் தண்ணீர் தேங்குகிறது, மூடி காங்கிரீட் போட்டுவிடலாம், கொசுவும் வராது, இரண்டு கார் நிறுத்தலாம் என்றார். எல்லாத் தலையும் ஆடியது. தார்ப்பாய் கதையைச் சொன்னால் ஏழுமலை அண்ணன் மாட்டிக்கொள்வார். மூடிவிட்டால் என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: அவர் சொல்வது சரியாக இருந்தால்? தண்ணீர் முதலில் ஏறப்போவது என் வீட்டில்தானே!

கான்வென்டில் விடை தெரிந்தாலும் கை தூக்காதவள் நான். அன்று பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன். "அடுத்த பெரிய மழை வரைக்கும் விடுங்க சார். தண்ணி நின்னா நானே ஆள் கூப்பிட்டு மூடிடறேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா, ஒரே ஒரு மழை. தண்ணி படி ஏறிச்சுன்னா உன் டாக்டர் பட்டத்த வெச்சு அடைச்சுக்கோ."

வெடிக் குப்பை

தீபாவளி முடிந்த கையோடு புயல் வந்தது. கணவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதல் படி மூழ்கியது. இரண்டாவது படியும். ஆனால் பாத்தியிலோ தண்ணீரே ஏறவில்லை. அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் உள்ளே நுழையும் வாயில் தெருவின் சரவெடிக் காகிதம் முழுக்க வந்து அப்பியிருக்க வேண்டும்!

ஓடினேன். நானும் ஏழுமலை அண்ணனும் குனிந்து, சிவப்புச் சிவப்பாக ஊறிய காகிதக் கூழைக் கை கையாக அள்ளி வீசினோம். 'களக்' என்று ஒரு சத்தம். தெருத் தண்ணீர் திரும்பிப் பாத்திக்குள் பாய்ந்தது. படி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்தத் தோட்டம் ஊரைக் காப்பாற்றவில்லை, பக்கத்துத் தெருவில் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எங்கள் வாசலைக் காப்பாற்றியது. மழை விட்ட மறுநாள் பாத்தியில் ஈர மண்தான் இருந்தது. செக்ரட்டரி இறங்கி வந்து குடை நுனியால் அதைக் குத்திக் குத்திப் பார்த்தார். பிறகு சுற்றிவந்து, தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, பின்பக்கமும் எடம் சும்மாதானே கெடக்கு, அங்கயும் ஒண்ணு வெட்டிடலாமா?"

தாம்பரத்துக்குத் தெற்கே, புயல் செய்தி கேட்டதும் ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டே சந்தோஷப்படுகிற ஒரே தரைத்தளத்துக்காரி அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.