மெழுகில் பதித்த சதை

அறையில் டாக்டர் இருந்தார், என் மனைவி இருந்தாள், நான் இருந்தேன். அவளுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கட்டியில் ஒரு வகைப் புரதம் மிகுந்திருந்தால் புது மருந்து கேட்கும் என்றார் டாக்டர். பூஜ்யம் முதல் மூன்று வரை அளவு. மூன்று வந்தால் நிச்சயம் தரலாம்.

கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்துத் தந்தார்கள். ஊரின் கேம்ப் பகுதியில் உள்ள லேபுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனோம். நான் அதை என் சூடான சாப்பாட்டு டப்பாவோடு ஒரே பையில் போட்டிருந்தேன். வழியில் அவள் பார்த்து, அதை வெளியே எடுத்துவிட்டாள்.

"மெழுகு உருகிடுங்க. எனக்கே சோறு இறங்கல, இதுக்கு ஊட்டப் பாக்குறீங்களா?"

"குடு, நான் வச்சுக்கறேன்."

"வேணாம். என் சதை, நானே பிடிச்சுக்கறேன்."

இறங்கும்வரை ஜன்னல் காற்றுப் படும்படி கையில் பிடித்திருந்தாள். அதன்பின் அவளுக்கு நான் தைரியம் சொன்னதில்லை. கூடவே போனேன், அவ்வளவுதான்.

லேப் முடிவை டாக்டர் படித்தார்.

மூன்று.