அறிக்கையின் இரண்டாம் பக்கம்

ஆய்வுக்கூடத்தில் அவளைச் செவிலித்தாய் என்றுதான் கூப்பிடுவார்கள். குடுவைகளில் வளரும் செல்களுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சிவப்பாய்ப் புதுத் திரவம் ஊற்றுவது அவள் வேலை. விடுமுறை நாளென்றாலும் பசி பசிதானே. "செவிலித்தாய் வந்தாச்சு, புள்ளைங்க அழுகைய நிறுத்திடுச்சு" என்பார் ஆய்வாளர். அவள் வளர்த்துக் கொடுக்கும் அந்தப் பிள்ளைகள் மேல்தான் அவர் ஹெர்பிஸ் வைரஸை விடுவார். மறுநாள் வந்து பார்த்தால் செல்கள் குடுவையின் அடியிலிருந்து பிடிவிட்டு, உருண்டு, செத்து மிதக்கும். ஏழு வருடமாகப் பார்க்கிறாள், இன்னும் பழகவில்லை.

அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். கணவன் எலக்ட்ரீஷியன். கல்யாணமான புதிதில் ஒருநாள், "அந்தக் கிருமி அப்படி என்னதான்டி பண்ணுது?" என்று கேட்டான்.

"சொந்தமா கொஞ்சம் கருவி கொண்டு வரும். மீதிக்கெல்லாம் செல்லோட நொதிகளைத்தான் வேலை வாங்கும். பழைய புரதத்தைக் கழிச்சுக்கட்ட செல்லுக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்குங்க. எதைக் கழிக்கணுமோ அது மேல நொதிங்க ஒரு அடையாளத்தை ஒட்டும். இது உள்ள நுழைஞ்சதும், காவல் காக்கற புரதத்து மேலயே அந்த அடையாளத்தை ஒட்ட வச்சிடும். செல்லு தன்னோட காவல்காரனைத் தானே குப்பையில தள்ளிடும்."

அவன் கைகொட்டிச் சிரித்தான். "கொக்கி போடறான்னு சொல்லு! நம்ம லைன்லேருந்தே கரண்ட் திருடி, நம்ம அலாரத்தையே அணைக்கறான். கைகாரன்தான்." மறுநாளே அதை அம்மாவிடம் போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தான். என் பொண்டாட்டி எப்பேர்ப்பட்ட திருடனை எல்லாம் வளர்க்கிறாள் பார் என்று.

போன மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் குறடைக் கையில் வைத்துக்கொண்டு, இதன் பேர் என்ன என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல். மூன்று வாரம் ஊசி வழியாக மருந்து ஏறியது. உயிர் தங்கியது. ஆனால் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. பள்ளிக்கூட நாள் நினைவிருக்கும். காலையில் சாப்பிட்டது இருக்காது. மின்சாரத்தை அணைத்தோமா என்பது நினைவில் நிற்காதவனை நம்பி யார் வீட்டில் வேலைக்கு விடுவார்கள்?

டாக்டர் நோயின் பேரைச் சொன்னபோது மாமியார் பக்கத்தில்தான் நின்றாள். மகன் முன்பு சொல்லிக் கேட்ட பேர். மருமகள் பக்கம் திரும்பினாள்.

"அதைத்தானே நீ வளக்கறே?"

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். "அந்த வேலைய விட்டுட்டு வா. வந்து கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் எம்புள்ள எங்கிட்ட இருக்கட்டும்."

மாமியாரின் கேள்வி அவளையும் விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் கையுறையைக் கழற்றாமல் சொந்தப் பொருள் எதையும் தொடக்கூடாது. காய்ச்சல் வருமுன் ஒரு சாயங்காலம் கணவன் வாசலில் வண்டியோடு நின்று மூன்றாவது முறை கூப்பிட்டபோது, அவசரத்தில் கையுறையோடு செல்போனை எடுத்துப் பேசிவிட்டாள். அன்று இரவு அதே போனில்தான் அவன் படம் பார்த்தான். இதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வாளரிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

அவர் ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி, அவன் முதுகுத்தண்டு நீரில் இருந்த வைரஸை ஆய்வுக்கூடத்து வைரஸோடு ஒப்பிட்டார். அவளுக்கும் எப்போதாவது உதட்டில் கொப்புளம் வருமென்பதால் அதையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு மாதம் ஆயிற்று. அவள் கேட்டதற்காக முடிவைத் தமிழிலேயே இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

"முதல் பக்கம், நம்ம வைரஸ் இல்லைங்கறது. ரெண்டாவது, உங்களோடதும் இல்லைங்கறது."

"அப்ப யாரோடது சார்?"

"சின்ன வயசுலேயே வந்திருக்கும்மா. பெரும்பாலும் வீட்டுல யாராவது கொஞ்சும்போதுதான் வரும். நரம்பு முடிச்சுக்குள்ள வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடக்கும். நிறையப் பேருக்கு இருக்கு, ஒண்ணும் ஆகறதில்ல. இவருக்கு மட்டும் ஏன் மூளைக்குப் போச்சுன்னு கேட்டா, எனக்குத் தெரியல. எல்லாத்தையும் அந்த ரெண்டாவது பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

அன்று மத்தியானமே போனாள். மாமியார் மகனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கீழுதட்டில் கொப்புளம் பொருக்குத் தட்டி, மேலே வெண்ணெய் மினுங்கியது.

"உதட்டுல என்ன அத்தை?"

"உடம்பு சூடானா வர்றதுதான். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்தே இருக்கு. இவன் கைக்குழந்தையா இருக்கும்போது ரெண்டு தடவை வந்துச்சு. அதோடயே இவன எறக்கி விடாம கொஞ்சிக்கிட்டுத் திரிஞ்சேன், போ." மகனின் கன்னத்தைக் கிள்ளினாள். "அது கெடக்கட்டும், கையில என்ன காகிதம்?"

அவள் முதல் பக்கத்தை மட்டும் நீட்டினாள். மாமியார் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"உங்க ஆளுங்க எழுதிக் கொடுத்தது உனக்குச் சாதகமாத்தானே இருக்கும்? சரி, அங்கேருந்து வரலைன்னே வச்சுக்க. பின்ன எங்கேருந்து வந்துச்சு? சொல்லேன்."

பதில் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் வேலை மிஞ்சும்.

மாமியாரின் விரல் கடைசிப் பொத்தானில் நின்றுகொண்டிருந்தது.

"தெரியல அத்தை."

"தெரியலைல்ல? அப்ப நான் சொன்னது சொன்னதுதான்."

வேலையை விடும் கடிதத்தைப் பார்த்ததும் ஆய்வாளருக்குக் கோபம் வந்தது. "ரெண்டு பக்கத்தையும் காட்டினீங்களா?"

"ஒண்ணுதான் சார்."

"ஏம்மா?"

அவளுக்கே பிடிபடவில்லை. இரக்கமா, எதிர்த்துப் பேசும் பயமா? படித்தவள் என்றால் உண்மையை உடைத்துச் சொல்ல வேண்டாமா? அதைச் சொன்ன பிறகு அந்தக் கிழவி மகனை எப்படித் தொடுவாள்? இரண்டு கேள்விக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, "குடுவைங்களுக்கு நாளைக்கு மாத்தணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கணவனைக் கூட்டிப்போக மாமியார் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் மகனின் தலையைத் தன் பக்கம் இழுத்து, கன்னத்திலும் நெற்றியிலும் மாறி மாறி முத்தமிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் திரும்பினாள்.

"இனிமேலாவது பத்திரமா பாத்துக்க. கண்டதையும் வீட்டுக்குக் கொண்டு வராதே."

"சரி அத்தை" என்றாள் அவள்.