கசில்டாவின் முறை

சலமான்காவில் கசில்டாவின் வீட்டில் பிள்ளை தங்கிப் படிக்காத தேசமே இல்லை என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் பத்தொன்பது வருடமாக, ஸ்பானிய மொழி படிக்கக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு அவளுடைய மூன்றாம் மாடி வீட்டில் படுக்கையும் சாப்பாடும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அச்சகத்தில் வேலை பார்த்த புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டுமே என்று ஆரம்பித்தது அது.

சனிக்கிழமை வந்தால் பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவாது. செகோவியா, ஆவிலா என்று கிளம்பிவிடுவார்கள். கசில்டா விடியலில் எழுந்து உருளைக்கிழங்கு முட்டை அடை சுட்டு, ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்து, வெள்ளித்தாளில் சுற்றிக் கொடுப்பாள். தலைக்கு ஒன்று, மேலே எப்போதும் ஒன்று கூடுதல். யாருக்கு என்று கேட்டால், "வழியில யாராவது பசியோட இருப்பாங்க" என்பாள். அடையில் உப்பு தூக்கலாகவே இருக்கும். யார் சொல்லியும் அவள் குறைத்ததில்லை.

அந்த நவம்பரில் வீட்டில் இருந்தவர்கள் நார்வேக்காரி மாரெனும் போலந்துக்காரி அக்னிஷ்காவும். அயர்லாந்துப் பையன் டெக்லன் தங்கியது பக்கத்துத் தெருவில். ஆனால் இங்கே தட்டு வைக்கும் சத்தம் அவனுக்கு அங்கே கேட்டுவிடும்.

"இந்த வாரம் எங்கே சவாரி?" என்று கேட்டாள் கசில்டா.

"மலைக்கு, கசில்டாம்மா. பெனியாசெர்வான்னு ஒரு ஊராம்," என்றான் டெக்லன்.

கரண்டி பாதி வழியில் நின்றது. அது அவள் பிறந்த ஊர். ஊர் எது என்று யார் கேட்டாலும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகவே இருந்தவள் அவள்.

"அங்க என்ன இருக்கு? கல்லும் ஆடும். பஸ்கூடக் கிடையாது."

"ஒன்பதரைக்கு இருக்கே!" டெக்லன் போனைத் திருப்பிக் காட்டினான். "பொய்கூடச் சொல்ல வருமா உங்களுக்கு?"

"போறதுன்னா போங்க. பொழுது சாயறதுக்குள்ள ரூமுக்குப் போயிடணும். யார் எதைக் கொடுத்தாலும் கையில வாங்காதீங்க."

மாரென் சிரித்தாள். "காலேஜ்ல முதல் நாளே என்ன சொன்னாங்க தெரியுமா? இந்த நாட்டுல யார் எதை நீட்டினாலும் வேண்டாம்னு சொல்லாதே, மனசு நொந்துபோகும்னு. நீங்க தலைகீழாச் சொல்றீங்களே!"

அப்போதே காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது கசில்டாவின் தப்புதான். அதை யாரும் பூசி மெழுக வேண்டாம்.

பெனியாசெர்வாவில் அந்தக் காலத்தில் தினமும் அந்தி சாயும்போது ஒரு பெண் கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு கைமணியோடு தெருவில் இறங்குவாள். ஊரின் ஒன்பது தெருமுனைகளிலும் நின்று மணியடித்து, மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகச் செபம் சொல்வாள். அவள் பின்னால் ஆன்மாக்கள் நடந்து வரும் என்பதால் திரும்பிப் பார்க்கக் கூடாது. முறை வைத்து, வீட்டுக்கு ஒரு வாரம். மணியைத் தரையில் வைக்கக் கூடாது. இன்னொருத்தியின் முறையில் அவளுக்குப் பதிலாகப் போகிறவள், முறைக்காரியின் கையில்தான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் வாரம் கசில்டாவின் முறை. அவளுக்கு வயது பத்தொன்பது. சலமான்காவில் சனிக்கிழமை நடனம், தோழிகள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நியேவெஸ் மட்டும், "நீ போயிட்டு வாடி, மணியை நான் அடிக்கிறேன். எனக்கு ஒரு சிவப்பு நாடா வாங்கிட்டு வா," என்று மணியைக் கையில் வாங்கிக்கொண்டாள். கசில்டா நன்றிக்குச் சுட்டுக்கொடுத்த அடையைக் கடித்துவிட்டு, "ஐயோ, இந்த உப்புக்கு ஆத்துத் தண்ணி பத்தாதுடி!" என்று கேலி வேறு.

அன்று அந்தியில் அந்த வருடத்தின் முதல் பனி கொட்டியது. நியேவெஸ் திரும்பவில்லை. உடல் ஓடைக்கரையில் கிடைத்தபோது வசந்தம் வந்திருந்தது. மணி கிடைக்கவே இல்லை. நியேவெஸின் தாய் அழவில்லை, திட்டவில்லை, கசில்டாவைப் பார்த்து, "உன் முறைதானே?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த பஸ்ஸில் ஊரைவிட்டு வந்தவள்தான் கசில்டா.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகள் திரும்பினார்கள். எப்போதும் படியிலேயே கூச்சல் கேட்கும். அன்று செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மாரெனின் வலது கை கோட்டுக்குள் இருந்தது.

"காட்டு," என்றாள் கசில்டா.

மாரென் கோட்டை விலக்கினாள். கையில் பச்சை படிந்த மணி. அதன் பிடியைச் சுற்றி விரல்கள் இறுகிக் கிடந்தன. மணிக்கட்டு வரை தோல் நீலம் பாரித்திருந்தது.

"விரலைப் பிரிக்க முடியலை, கசில்டாம்மா. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுப் பார்த்தாங்க. அப்பவும் முடியலை."

"யார் கொடுத்தா?"

"நீரூற்றுக்கிட்ட ஒரு பொண்ணு. எங்க வயசுதான். செருப்பெல்லாம் ஈரம். பாவமா இருந்துச்சு, மிச்சமிருந்த ரொட்டியைக் கொடுத்தேன். ஒரு வாய் கடிச்சுட்டுச் சிரிச்சா. 'இன்னும் உப்பை அள்ளித்தான் கொட்டுறாளா?'ன்னு கேட்டா. அப்புறம், 'கை மரத்துப்போச்சு, கொஞ்சம் பிடி'ன்னு இதை நீட்டினா. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"நாங்க யாரையும் பார்க்கலை," என்றான் டெக்லன். அவன் குரலில் கேலி செத்துப்போயிருந்தது. "இவ சுவரைப் பார்த்துப் பேசிக்கிட்டிருந்தா."

அக்னிஷ்கா மெல்லச் சொன்னாள்: "சாராயக்கடைக்காரர் இதைப் பார்த்ததும் கதவைச் சாத்திட்டார். இந்த ஊர்ல மணியடிச்சு நாற்பத்திரண்டு வருஷமாச்சு, வாங்கினவளே சுமக்கட்டும்னார்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மாரென் உட்கார்ந்தபடியே பாதங்களை மாற்றி மாற்றித் தரையில் வைத்தாள், நடக்கிறவளைப் போல. "நான் செய்யலை. தானா அசையுது," என்று அழுதாள்.

கசில்டாவுக்குக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நாற்பத்திரண்டு வருடமாகச் செய்த காரியம் அது ஒன்றுதானே, கை தேர்ந்திருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் பத்தொன்பது வயது. இன்னொருத்தியின் தாய் நார்வேயிலிருந்து வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது?

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கே கொடு மகளே. அது என் முறை."

அவள் தொட்டதும் மாரெனின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. குளிர் கசில்டாவின் முழங்கை வரை ஏறியது. மாரென் தன் கையை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள். அரை மணி நேரத்தில் அதில் ரத்தம் ஓடி நிறம் திரும்பியது.

அன்றிரவு கசில்டா மணியோடு நாற்காலியிலேயே இருந்தாள். காலையில் இடது கையால் தையல் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் வைத்தாள். "பருப்பு அடுப்புல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு ஒன்பதரை மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

பெனியாசெர்வாவில் அந்தி சாய்ந்ததும் நீரூற்றருகே போய் நின்று முக்காடு போட்டாள். முதல் முனையில் மணியடித்தபோது செபத்தில் பாதி மறந்துபோயிருந்தது. இரண்டாவதில் செபம் முழுசாக வந்தது. தெரு நெடுக ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. உள்ளே ஆட்கள் எழுந்து நிற்கும் நாற்காலிச் சத்தம் கேட்டது. மூன்றாவது முனையைத் தாண்டும்போது பின்னால் ஈரச் செருப்பின் ஓசை சேர்ந்துகொண்டது.

கசில்டா திரும்பவில்லை. அவள் நின்றபோது அதுவும் நின்றது.

"நாடா வாங்கிட்டு வந்தியாடி?" என்று கேட்டது பின்னாலிருந்து.

கசில்டா சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்பு நாடாவை எடுத்தாள். மடிப்பு மடிப்பாக வெளுத்திருந்தது. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். விரல்களுக்கிடையிலிருந்து நாடா மெல்ல உருவிப் போனது.

பிறகு நாலாவது முனைக்கு நடந்தாள். இன்னும் ஆறு முனைகள் பாக்கி இருந்தன.