உப்பு விலக்கு

அப்பா வெல்டிங் பட்டறை மேஸ்திரி. கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி. வேலையாள் தாமதமாக வந்தாலும், வெல்டிங் கோணலாக இருந்தாலும், டீ ஆறியிருந்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: "சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?"

சித்தப்பாவிடமும் அதைக் கேட்டார். தன் வீட்டுக்கு அப்பா செய்து மாட்டிய கேட்டைப் பார்த்து, நாலு பேர் நடுவில், "அண்ணே, கத்துதே" என்று சித்தப்பா சொன்ன அன்று. கூடவே ஒரு சபதம்: "உப்புப் போட்டுத் திங்கிறவன்டா நான். இனி இந்தக் கேட்டத் தொடமாட்டேன்."

சித்தப்பா வீடு அடுத்த தெருவில். அப்பா அதன்பின் கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போனார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், "அவன் எப்படி இருக்கானாம்?" என்பார். எவன் என்று சொல்லமாட்டார்.

எழுபத்தெட்டு வயதில் சிறுநீரகம் கைவிரித்தது. டயாலிசிஸ் செய்யலாம், இல்லையென்றால் மருந்தும் பத்தியமுமாக, இருக்கிற நாளை நிம்மதியாகக் கழிக்கலாம் என்றார் டாக்டரம்மா. பொறுமைசாலி.

"எது இல்லாம உங்களால இருக்கவே முடியாது? யோசிச்சுச் சொல்லுங்கய்யா."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். 'தம்பி' என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"உப்பு" என்றார்.

"அதைத்தான் மொதல்ல நிறுத்தணும்."

டயாலிசிஸ் வேண்டாம் என்றார். "வாரத்துல மூணு நாள் மெஷின்ல, மிச்ச நாள் அந்தக் களைப்புல. அப்புறம் நான் எப்ப இருக்கறது?"

நான் குடிநீர் ஆலையில் பொறியாளர். உப்பு அளக்கும் மீட்டர் எப்போதும் பையில் இருக்கும். அம்மா மனசு கேட்காமல் சூப்பில் ஒரு சிட்டிகை போட்டாள். மீட்டரை முக்கினேன். மாட்டிக்கொண்டாள்.

"நான் பொண்ணைப் பெத்தேன்னு நெனச்சேன். போலீஸப் பெத்திருக்கேன்."

ஒரு மாதம் போயிருக்கும். சாப்பாட்டு மேசையில் அம்மா முணுமுணுத்தாள்: "உப்பில்லாமத்தான் சாப்பிடுறாரு. ரோஷம் மட்டும் எறங்கக் காணோம்."

அப்பாவின் கரண்டி பாதியில் நின்றது.

"ஏம்மா, அந்த மீட்டர எடு. நல்லாப் பார்த்துச் சொல்லு."

"காய்ல இருக்கறதுதான்ப்பா. போட்ட உப்பு துளிகூட இல்ல."

"அப்ப சபதம் செல்லாது" என்று எழுந்து சட்டையை மாட்டினார். எண்ணெய்க் குப்பியை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கேட்டைத் தள்ளினார். தெருவையே கூட்டும்படி கத்தியது. சித்தப்பா வாசலுக்கு வந்தார்.

"கத்துதுடா" என்றார் அப்பா, கீலில் எண்ணெய் விட்டபடி. தம்பியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ வரமாட்டேன்னு..."

"உப்புப் போட்டுத் திங்கிறவன்தான் வரமாட்டான். நான் இப்ப அந்தக் கணக்குல இல்ல."

சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"உள்ள வாண்ணே. உப்பில்லாம காபி போடச் சொல்றேன்."

"காபியில எவன்டா உப்புப் போடுவான்? அரை டம்ளர் போதும். மிஞ்சினா இவ அதையும் அளப்பா."

நடக்க முடிந்த வரை தினமும் சாயங்காலம் போனார், எண்ணெய்க் குப்பியோடு. பிறகு சித்தப்பா இங்கே வந்தார். பிறகு அப்பா இல்லை.

போன வாரம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மழையில் நனைந்து கேட் மறுபடி கத்துகிறது. குப்பியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

"எண்ணெய் விடட்டுமா சித்தப்பா?"

"கையை எடு. கத்துதுன்னு சொன்னது நான்தானே? உப்புப் போட்டுத் திங்கிறேன்மா, சொன்ன சொல்ல மாத்தமாட்டேன். கத்தட்டும்."