வாரத்தில் ஆறு நாள் விரதம்

போன மாதம் ஒரு நாள், எங்கள் மாடிப் போர்ஷன் சாந்தியை மதியமே கம்பெனி வேன் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அசெம்ப்ளி லைனில் வேலை செய்தபடியே மயங்கி விழுந்துவிட்டாளாம். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை என்று கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். கூடவே சூப்பர்வைசரின் எச்சரிக்கை வேறு — இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம்.

கும்மிடிப்பூண்டியில் வயரிங் செட் செய்யும் கம்பெனி. கான்ட்ராக்ட் வேலை. அங்கே 'வர வேண்டாம்' என்றால் அவ்வளவுதான், அப்புறம் பேச்சே கிடையாது. கணவர் ஓட்டும் ஆட்டோ ஒரு நாள் ஓடும், ஒரு நாள் படுத்துக்கொள்ளும். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் குடும்பமே இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

மயக்கத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். விரதம்!

விரத விஷயத்தில் நானும் கொஞ்சம் அனுபவஸ்தி. சாமிக்காக இல்லை, வயிற்றுக்காக. ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் காலை பத்து மணி வரை தண்ணீர் மட்டும்தான். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால்கூட எனக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. ஏப்பம் குறைந்தது. மாலையானால் வயிறு பானை மாதிரி உப்புவது நின்றது. முக்கியமாக, என் மூட் கொஞ்சம் தேறியிருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள்.

இதைச் செய்யச் சொன்ன என் டாக்டரின் விளக்கம் ரொம்ப சிம்பிள். வயிறு காலியாக இருக்கும்போதுதான் குடல் தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளுமாம். நாம் மணிக்கொரு முறுக்கு, பிஸ்கட் என்று உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால் அது எப்போது பெருக்கும்? பந்தி நடக்கும்போது யாராவது துடைப்பத்தை எடுப்பார்களா?

ஆனால் விரதம் ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியாக வேண்டும். இந்த மயக்கத்துக்கு முன்பே ஒரு நாள் நான் சாந்தியிடமும் சொன்னேன்.

"நான்லாம் காலைல பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டேன்க்கா. விரதம்" என்றாள்.

திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. புதன்கிழமை? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் பெருமாளுக்குத்தான்க்கா" என்றாள். மதியம் கேன்டீன் சாப்பாடு வரை அப்படியே இருப்பாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை நாஷ்டாவுக்கே மாடியிலிருந்து ஆட்டுக்கால் பாயா வாசனை வரும். சரி, விரதத்துக்கும் வீக்லி ஆஃப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது இந்த மயக்கம். ஒரு சொம்பு மோரை எடுத்துக்கொண்டு மாடியேறினேன், அட்வைஸ் செய்யத்தான். தண்ணீரும் இல்லாமல் வேலைக்குப் போனால் தலை சுற்றும், மலம் இறுகும், நீர்க்கடுப்பு வரும்... டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "தண்ணி குடிக்காதேன்னு எந்தச் சாமி சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

சாந்தி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. காலைல ஒரு வாய் டீ உள்ள போனாலே எனக்கு வயித்தக் கலக்கும். திருநின்றவூர்ல கம்பெனி பஸ் ஏறிட்டா, போய்ச் சேர ஒன்ற மணி நேரம். நடுவுல எங்க போறது? ஒரு தபா பெரியபாளையம் தாண்டி வந்துடுச்சு. கம்பெனி வர்ற வரிக்கும் பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். உசுரே போயிடுச்சு. அன்னிலேர்ந்து காலைல ஒண்ணும் சாப்டறதில்ல, தண்ணியும் குடிக்கறதில்ல. கேட்டா விரதம்னு சொல்லிடுவேன். அதுக்கு மேல யாரும் இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்க."

உண்மைதானே? நம் ஊரில் 'வயிறு சரியில்லை' என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். 'விரதம்' என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்திருந்தேன். எனக்கு வருத்தமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"வழியில பெட்ரோல் பங்க் இருக்கே. டிரைவரை நிறுத்தச் சொல்லேன்."

"ஐயே! அவரு ஆம்பள. பஸ்ல அத்தினி பொம்பளைங்க வேற பாத்துக்கினு இருப்பாங்க. எப்டிக்கா வாயத் தொறந்து கேக்கறது? மானமே போயிடும்."

"மறுபடியும் விழுந்தா வேலையே போயிடும். பரவாயில்லையா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன். சாந்தி மோரைக் குடித்து முடித்தாள்.

அடுத்த திங்கள்கிழமை சாந்தி இரண்டு இட்லி சாப்பிட்டாள். வயிறு நிறையத் தண்ணீரும் குடித்தாள். பஸ் ஏறினாள். எதிர்பார்த்தபடியே பெரியபாளையம் தாண்டியதும் வயிறு தன் வேலையைக் காட்டியது. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், "அண்ணா, பாத்ரூம் போணும். பங்க்ல நிறுத்துங்க" என்று கேட்டேவிட்டாள்.

பஸ்ஸில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியதாம். டிரைவர், "பஞ்ச் டைமுக்குப் போணுமேம்மா, பேஜாராப் போச்சே" என்று முனகிக்கொண்டே வண்டியை பங்க்குக்குள் திருப்பிவிட்டார்.

சாந்தி யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி, பங்க் ஆளிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். போய்விட்டு வந்து கதவைத் திறந்தால்... வெளியே நீளமாக ஒரு க்யூ! பஸ்ஸில் டிரைவரைத் தவிர ஒருவரும் இல்லை. அத்தனை பெண்களும், கழுத்தில் ஐடி கார்டு தொங்க, வரிசையில் நிற்கிறார்கள்.

முதலில் நின்றவர் மேரி அக்கா. அந்த பஸ்ஸிலேயே சீனியர். சாவியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, "ஏன்டி, இத்த போன வருசமே கேட்டிருக்கக் கூடாதா?" என்று திட்டிவிட்டு உள்ளே போனாராம்.

பஸ் இப்போது தினமும் அங்கே நிற்கிறது. சாந்திக்கு அப்புறம் மயக்கம் வரவில்லை, வேலையும் பத்திரம். மேரி அக்காவின் கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை — மேரி அக்கா உட்பட!