எட்டாவது வரி

மலையில் இருக்கும்வரை தன்னை நைனா என்று கூப்பிடக்கூடாது என்பது என் அப்பா சொன்ன யோசனைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். நைனா மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் ஜட்கா ஓட்டினார். அந்தக் கோடை லீவில் பூகோள வாத்தியார் எங்களில் ஆறு பேரைக் கொடைக்கானல் மலைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. வழி தெரிந்த மலைக்காரர் ஒருவர் முன்னால் போவார். பகலெல்லாம் நடந்து, சாயங்காலம் காட்டிலாகா பங்களா ஒன்றில் தங்க வேண்டும். நான்கு நாள், நான்கு பங்களா. மற்ற ஐந்து பேரும் வக்கீல், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. நைனா வாத்தியாரைத் தனியாகப் பார்த்து, மூட்டை தூக்கத் தாம் வருவதாகவும், கூலிக்குப் பதில் பையனைச் சேர்த்துக்கொண்டால் போதுமென்றும் பேசி முடித்தார். குதிரையைச் சித்தப்பாவிடம் விட்டார்.

"அங்க வந்து நைனா கீனான்னு வாயத் தொறக்காத. அந்தப் புள்ளைங்க உன்னிய இன்னா நெனைக்கும்? நான் மூட்ட தூக்கறவன். அவ்ளோதான்."

எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று.

ஏற்றத்தில் நைனா எல்லார் படுக்கையையும் சுமந்து வந்தார். என் மூட்டை மட்டும் நசுங்காமல் உச்சியில் உட்கார்ந்திருந்தது. வக்கீல் பிள்ளை அதைக் கவனித்துவிட்டான்.

"ஏண்டா, அந்த ஆள் உன் மூட்டையை மட்டும் தாங்கிண்டு வரானே, என்ன விசேஷம்?"

"யாருக்குத் தெரியும்?" என்றேன்.

முன்னால் போன மலைக்காரர் கதை சொல்லிக்கொண்டே நடந்தார். "ஒவ்வொரு பங்களாவுலயும் தடியா ஒரு புஸ்தகம் இருக்கும் சாமி. தொரைமாருங்ககூட அதுல பேர எழுதிட்டுத்தான் படுப்பாங்க."

"அப்ப எம்பேரும் ஏறுமா?" என்றார் நைனா. குரலில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் என் பக்கம் வந்து போயிற்று. தம் பேரை எழுத்தில் ஒரு தடவைகூடப் பார்த்தவரில்லை அவர்.

பங்களா என்று பேர். இரண்டு அறையும் ஒரு கணப்பும் உள்ள ஓட்டுக் குடிசை. காற்று கதவிடுக்கில் புகுந்து பல்லைக் கிட்ட வைத்தது. காவல்காரர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு. எல்லார் பேரையும் நீயே எழுதிடுடா" என்றார் வாத்தியார்.

பையன்கள் என் தோள்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரோடு ஏழு பேர் எழுதியாயிற்று; மலைக்காரர் காவல்காரர் குடிசையில் படுப்பவர், அவர் பேர் வேண்டியதில்லை. எட்டாவது வரியில் பேனா நின்றது. நைனாவின் பேரை எழுதினால், 'உனக்கு எப்படிடா தெரியும்?' என்று நிச்சயம் கேட்பார்கள். 'கூலி 1' என்று எழுதினேன். வாத்தியார் குனிந்து பார்த்தார். எல்லாம் தெரிந்த மனிதர். "மை காயட்டும்" என்று மட்டும் சொன்னார்.

காவல்காரர் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார். கடைசியில் நைனா வந்து இரண்டு கையையும் நீட்டினார். காவல்காரரின் விரல் தாளில் இறங்கியது.

"ஏழு பேரு. அப்புறம் கூலி ஒண்ணு. கூலிக்குக் கம்பளி கெடையாதுப்பா, பேர் இருக்கறவங்களுக்குத்தான். அடுப்படில போய்ப் படு."

நைனா என்னைப் பார்த்தார். 'எழுத மறந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேனாகூட என் கையில்தான் இருந்தது. நான் குனிந்து, காய்ந்துவிட்ட மையை ஊதிக்கொண்டிருந்தேன்.

"அடுப்பாண்டதான் நல்லா கதகதன்னு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார்.

மற்ற மூன்று பங்களாக்களிலும் அதையேதான் எழுதினேன். கை பழகிவிட்டது.

ஊர் திரும்பியபோது நைனாவோடு ஓர் இருமலும் வந்தது. ஆடி முடிந்தும் போகவில்லை. குதிரைக்குப் புல் போடும்போதுகூட இருமுவார். ஆனாலும் ஜட்கா ஸ்டாண்டில் அவர் பேச்செல்லாம் அந்த மலைதான்.

"நாலு பங்களாவுலயும் எங்க ரெண்டு பேர் பேரும் கீது. எம்புள்ள கையால எழுதினது. தொரைங்க பேருக்குக் கீழயே!"

"வுடுப்பா, நாங்க போயா பாக்கப்போறோம்?" என்பான் இன்னொரு வண்டிக்காரன்.

"போய்ப் பாருடா! மலை எங்கயாச்சும் ஓடிடுமா?"

பக்கத்தில் நின்ற நான், படிக்காத மனிதர், காவல்காரர் சொன்னது பாவம் இவருக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மலையில் முதல் நாளுக்குப் பிறகு அவர் கம்பளிக்கு வந்து நிற்கவே இல்லை. காவல்காரர் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, "வெறகு பொறுக்கிக்கினு வரேன் சாமி" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் பனியில் இறங்கிப் போய்விடுவார். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்ட பிறகுதான் திரும்பி வருவார். விறகுக்காகத்தான் போகிறார் என்று அன்று நான் நம்பினேன்.