வேப்பிலைக்கு அடியில் ஒளித்த மாத்திரை

முதலில் எரிந்தது கண்தான். சூளைப் பக்கம் நின்ற வெக்கை என்று நினைத்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மறுநாள் காய்ச்சல், உதட்டில் புண், நெஞ்சில் சிவப்புத் திட்டுகள்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்கு வலிப்பு வந்து, டாக்டர் கார்பமசெபின் (வலிப்பை அடக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார்.

அம்மா திட்டுகளைப் பார்த்ததும் வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். "ஆத்தா வந்திருக்கா. மாத்திரை, ஊசி எதுவும் வாணாம்."

எங்கள் வூட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். மாத்திரையை விட்டால் வலிப்பு திரும்பும் என்று எனக்குத் தெரியும். படுக்க விரித்த வேப்பிலைக்கு அடியில் அட்டையை ஒளித்தேன். தங்கை தேவி தண்ணீர் கொண்டுவருவாள்.

"அம்மா பாத்துச்சுன்னா என்னையும் சேத்து சாத்தும்ண்ணே."

"பேசாம குடு."

மூன்று நாள், வேளை தவறாமல் விழுங்கினேன்.

நான்காம் நாள் அம்மா இலை மாற்றும்போது முதுகுத் தோல் இலையோடு வந்துவிட்டது. அம்மை அப்படி உரியாது என்று அவளுக்குத் தெரியும். அவளே ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள்.

புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா அதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பேர் சொன்னார் (மருந்தால் தூண்டப்பட்டு, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தோலையும் வாயையும் கண்ணையும் தாக்குவது). "மாத்திரை கடைசியா எப்ப போட்டார்?" என்று கேட்டதும் தேவி அழுதுவிட்டாள்.

"படிச்சவன் கேட்டான்னு தண்ணி குடுத்தியாடி?" என்றாள் அம்மா. அதற்குமேல் திட்டவில்லை.

பிழைத்தபிறகு டாக்டரம்மா விளக்கினார். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு வகை மரபணு (பெற்றோரிடமிருந்து வருவது) இருக்குமாம். அவர்களுக்கு இந்த மாத்திரையில் ஆபத்து அதிகமாம்.

"எனக்கு இருக்கா டாக்டர்?"

"இருக்கலாம். சோதிக்க இங்க வசதி இல்ல. இருக்குற எல்லாருக்கும் இப்படி வர்றதில்ல. இல்லாதவங்களுக்கு வரவே வராதுன்னும் சொல்ல முடியாது."

"தங்கச்சிக்கு?"

"உங்களுக்கு இருந்தா, அவங்களுக்கும் இருக்கலாம். ரெண்டு பேருமே இத தொடாதீங்க."

"என் பக்கத்துலேர்ந்து வந்ததாம்மா?" என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றார்.

இன்னும் எனக்குக் குழப்பம்தான். அம்மா சொன்னபடி மாத்திரையை விட்டிருந்தால் இவ்வளவு உரிந்திருக்காது. அவள் சொன்னபடியே ஊசியும் வேண்டாம் என்று கிடந்திருந்தால் செத்திருப்பேன். யார் சொன்னது சரி? உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். புது மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், வாய்ப்புண், திட்டு வந்தால், நீங்களாக எதையும் முடிவு செய்யாமல், அட்டையோடு அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

போன மாதம் தேவிக்குத் தலைவலி. உள்ளூர் டாக்டர் பேனாவை எடுத்ததும், எழுத்து தெரியாத அம்மா சுருக்குப்பையிலிருந்து அந்தப் பழைய காலி அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது மட்டும் வாணாம் சார்."

"இது வலிப்பு மாத்திரைம்மா. இவங்களுக்கு எதுக்கு நான் எழுதப்போறேன்?"

"இருக்கட்டும். பாத்துக்குங்க."

அந்த நோய்க்குப் பிறகு என் கண்ணில் நீர் சுரப்பதில்லை. கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. கண் கரகரத்தால் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், சொட்டு மருந்து விட வேண்டும். அன்று அந்த மேசை முன்னால் நேரம் ஆகும் முன்பே கரகரத்தது. திரும்பி நின்று, விட்டுக்கொண்டேன்.